காத்திருக்கும் குரல்

கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். ஏட்டால் அறிவது வேறு, செவியால் அறிவது வேறு. இவ்விரண்டிற்கும் நடுவே இந்த நூற்றாண்டில் ஒரு புதிய சாதனம் வந்து அமர்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் பொட்காஸ்ட் என்பர்; தமிழில் வலையொலி என்று வழங்குகின்றனர்.

ஐபொட் என்னும் சிறு கருவியின் பெயரையும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஒட்டி, 2004இல் கார்டியன் பத்திரிகையில் பென் ஹாமர்ஸ்லி என்பவர் எழுதிய பெயர் அது. ஐபொட் உற்பத்தி 2022இல் நின்றுவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இதன் கவர்ச்சி யாது? வானொலி நேயர் நேரத்திற்குக் கட்டுப்பட்டவர். பேச்சு நடக்கையில் அடுப்பிலே பால் பொங்கலாம்; படலையில் விருந்தினர் குரல் கேட்கலாம். போன சொல் போனதுதான். வானொலிப் பேச்சுக்களைத் தொகுத்து அச்சிடும் வழக்கத்துக்கும் இதுவே நியாயம். நூலோ எத்தனை நாளும் காத்திருக்கும். ஆனால் கண்ணையும் கையையும் முழுமையாகக் கேட்கும். வலையொலி நூலைப்போலக் காத்திருக்கிறது. வானொலியைப்போலக் கைகளை வேலைக்கு விட்டுவைக்கிறது. பஸ்ஸில் நிற்பவருக்கும் தேங்காய் துருவுபவருக்கும் இது சிறிய வரமன்று. ஊரார் அனைவரும் ஒரே கணத்தில் ஒரே குரலைக் கேட்ட அந்த உறவுதான் இதில் இல்லை.

2014இல் அமெரிக்காவில் வெளிவந்த 'சீரியல்' என்னும் தொடர் இச்சாதனத்தின் வலிமையை உலகறியச் செய்தது. அதனைப் படைத்தோர் வானொலியிலே பயின்றவர்கள். 1999இல் பால்ற்றிமோர் பகுதியில் ஒரு பாடசாலை மாணவி கொலையுண்டாள். அவளுடைய முன்னாள் காதலனுக்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. அத்தீர்ப்பு சரியானதுதானா என்று சேரா கேனிக் பன்னிரண்டு பகுதிகளில் ஆராய்ந்தார். சிறையிலிருந்து தொலைபேசியில் ஒலித்த அந்த மனிதனின் குரல் இலட்சக்கணக்கான செவிகளுக்குள் நேரே புகுந்தது.

இங்கேதான் சற்று நிதானம் வேண்டும். காதோடு காதாகப் பேசும் குரல் உறவினர் குரல்போல ஆகிவிடுகிறது. அதிலுள்ள தயக்கத்தையும் சிரிப்பையும் கொண்டு ஒருவர் குற்றவாளியா அல்லரா என்று தீர்மானிக்க மனம் விரைகிறது. வழக்கேட்டைப் படிப்பவர் முப்பதாம் பக்கத்தை எட்டியதும் ஐந்தாம் பக்கத்திற்குத் திரும்பி, இரண்டு சாட்சியங்களை அருகருகே வைத்துப் பார்க்கிறார். வலையொலியிலும் பின்னோக்கிச் செல்லலாம். பாத்திரம் கழுவும் கையோடு அதைச் செய்வோர் எத்தனை பேர்? நீதிமன்றங்களே இவ்வழக்கில் தடுமாறின. 2022இல் நீக்கப்பட்ட குற்றத்தீர்ப்பு 2023இல் மீண்டும் நிலைநிறுத்தப்பட்டது. 2025இல், கழித்த சிறைக்காலமே போதுமெனத் தண்டனை குறைக்கப்பட்டது, குற்றத்தீர்ப்பு மாறவில்லை.

தொடர் முழுவதிலும் தன் வழக்கைத் தானே பேச இயலாதவள் கொலையுண்ட மாணவி. அவள் எழுதிய நாட்குறிப்பு வழக்கில் சான்றாக இருந்தது. அதிலிருந்து சில பகுதிகள் தொடரில் வாசிக்கப்படுகின்றன, வேறொருவர் குரலில்.