கிழங்குக்குப் போர்வை, மாட்டுக்கு என்ன?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

என்னோடு நாலு வருஷம் மெஸ் உருளைக்கிழங்கைச் சாப்பிட்டே பட்டம் வாங்கிய நண்பர்களே, இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே!

"பத்து நிமிஷம், மாணவர்களுக்குப் பயன்படற மாதிரி ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். அந்த உருளைக்கிழங்கைப் பற்றியே பேசுகிறேன். மானாவாரி உருளையில் மூடாக்கு, அதில் நான் செய்த ஒரு தப்பு. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

உருளைக்கிழங்கு என்றால் நமக்கு ஊட்டியும் கொடைக்கானலும்தான் ஞாபகம் வரும். கர்நாடகத்தில் ஹாசன் மாவட்டத்தில் மழையை மட்டும் நம்பி உருளை போடுகிறார்கள். மே, ஜூனில் மண் நனைந்ததும் நடவு. விதைக்கிழங்கு பஞ்சாபில் ஜலந்தர் பக்கமிருந்து லாரியில் வரும். செலவில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். நட்டபின் மழை இரண்டு வாரம் தள்ளிப்போனால் சூடான மண்ணில் விதை அழுகும். தப்பி முளைத்தது வாடும்.

வங்கியில் வேளாண் அதிகாரியாக நான் அங்கே மாற்றலாகிப் போனேன். மாவட்டத்தின் கிழக்குப் பக்கம், மழை குறைந்த ஊர்கள். பார்த்ததும் நம் உழவியல் வகுப்பு ஞாபகம் வந்தது. உருளையின் வேர் ஆழம் போகாது. பெரும்பாலும் மேல் ஒன்றரை அடிக்குள்ளேதான். கிழங்கு நன்றாகப் பிடிக்க மண்சூடு 15 முதல் 20 டிகிரி வேண்டும். 30-ஐ நெருங்கினால் மேலே செடி பச்சையாக நிற்கும், அடியில் ஒன்றும் இருக்காது. மண்மேல் தாள் பரப்பினால் வெயில் நேரே படாது, ஈரம் நிற்கும், களை குறையும், வெளியே தெரியும் கிழங்கு பச்சையாகிக் கசக்காது. எக்டருக்கு 5, 6 டன் தாள் போதும். பாடம் சரிதான்.

2003-ல் ஒரு பெரிய கௌடரிடம் போய்ப் பேசி, அவர் வீட்டுப் போரிலிருந்தே கேழ்வரகுத் தாளை எடுத்து அரை ஏக்கரில் பரப்ப வைத்தேன். அந்த வருஷம் மழை ஏமாற்றியது. பக்கத்து நிலத்தில் வரிசைக்கு வரிசை சொட்டை. மூடாக்குப் போட்ட இடத்தில் செடி நின்றது. அறுவடையில் மூட்டையும் கூடுதல். நான் போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினேன்.

டிசம்பரில் கடன் வசூலுக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அதே வறட்சியில் கேழ்வரகு பொய்த்துவிட்டது. புதுத் தாள் இல்லை. பழைய போரை ஜூனிலேயே நான் நிலத்தில் பரப்பியாச்சு. கறவை மாடு ஒன்றைப் பாதி விலைக்கு விற்றிருந்தார்கள். கௌடர் ஒன்றும் சொல்லவில்லை, காபி கொடுத்தார். அவர் மனைவிதான் கன்னடத்தில் கேட்டார்: "கிழங்குக்குப் போர்வை போட்டீங்க சார். எங்க மாட்டுக்கு என்ன போடறது?"

எனக்குப் பதில் வரவில்லை. எந்த வறட்சியில் மூடாக்கு ஜெயித்ததோ, அதே வறட்சியில் மாடு தோற்றுப்போச்சு. ஜூன் மாதத்துப் போர் என்பது அடுத்த அறுவடை வரைக்குமான சாப்பாடு. அது எனக்குப் படவே இல்லை.

அடுத்த வருஷம் வெட்கத்தை விட்டு மறுபடியும் போனேன். இந்த முறை அவரையே கேட்டேன்: "மாடு தொடாதது இங்கே என்ன இருக்கு?" அவர் கை காட்டிக்கொண்டே போனார். காய்ந்த தென்னை மட்டை, புங்கன் தழை, தரிசில் மண்டிக்கிடந்த புதர்ச்செடி. மட்டையை நீளவாக்கில் கிழித்து, மண் அணைத்த பிறகு சாலில் போட்டோம். தழையை அதன்மேல் பரப்பினோம். கூலி கூடத்தான் ஆனது. ஆனால் போரில் கை வைக்கவில்லை.

தம்பி தங்கைகளுக்கு அனுபவத்தில் நாலு வார்த்தை. நல்ல மழை பெய்து மண் நனைந்த பிறகே மூடாக்குப் போடுங்கள். காய்ந்த மண்ணை மூடினால் தூறல் தழையோடு நின்றுவிடும். கறையானையும் எலியையும் கவனியுங்கள். பின்பருவ இலைக்கருகலுக்கு மூடாக்கு மருந்தல்ல. அந்த நோயால் ஹாசன் விவசாயிகள் பட்ட நஷ்டம் கொஞ்சமல்ல. பிளாஸ்டிக் தாள் போடலாமே என்பீர்கள். சீனாவில் கான்சு மாகாணத்து வறண்ட மேடுகளில் அப்படித்தான் உருளை விளைவிக்கிறார்கள், விளைச்சலும் கூடியது. ஆனால் மெல்லிய தாள் கிழிந்து கிழிந்து மண்ணிலேயே தங்கிப்போச்சு. பொறுக்கி எடுக்க முடியாததால், தாளின் தடிமன் குறைந்தது 0.01 மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்று 2018-ல் அங்கே விதியே வந்தது.

கடைசியாக ஒன்று. இந்தக் கல்லூரி நமக்கு மண்ணைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. அதற்கு நான் என்றும் கடன்பட்டவன். நிலத்தைப் பார்த்த கையோடு தொழுவத்தையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். சிபாரிசு எழுதும் முன் வீட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கத் தவறினேன், அந்த வீட்டில் ஒரு மாடு போனது.

மெஸ்ஸில் இன்றைக்கும் உருளைக்கிழங்குதான் என்று கேள்விப்பட்டேன். வாருங்கள், சாப்பிடப் போகலாம்.