ஓயாது குரைக்கும் நாய்

படலையிலே தபாற்காரரின் சைக்கிள் மணி ஒலிக்கிறது. முற்றத்திற் படுத்திருந்த நாய் துள்ளியெழுந்து குரைக்கிறது. தபாற்காரர் கடிதத்தைப் பெட்டியிலிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். தமது அலுவல் முடிந்தமையால் அவர் போனார். நாயோ, தான் குரைத்தமையாலேயே அவர் அகன்றார் என்று கொள்கிறது. மறுநாளும் அவர் வருகிறார். மறுநாளும் நாய் குரைக்கிறது. மறுநாளும் அவர் போய்விடுகிறார். இவ்வாறு நாள்தோறும் வெற்றியே கண்டு பழகிய ஒரு வீரனை ஓர் அதட்டலால் அடக்கிவிடலாமென வீட்டார் எண்ணுவது வியப்புக்குரியது.

அமெரிக்க உளவியலறிஞரான எட்வேட் தோண்டைக் என்பவர், பூனைகளையும் நாய்களையும் பெட்டிகளில் அடைத்து, அவை கதவைத் திறக்கக் கற்கும் முறையை ஆராய்ந்து 1898ஆம் ஆண்டில் வெளியிட்டார். பயன் தந்த செயல் நிலைத்தது. பயன் தராதது மெல்ல மறைந்தது. குரைப்பும் அத்தகையதே. குரைத்தால் கதவு திறக்கிறது. குரைத்தால் எலும்பு கிடைக்கிறது. ஒன்றுமில்லையெனின் வீட்டுக்காரராவது ஓடிவந்து உரத்துச் சத்தமிடுகிறார். அதனைத் தண்டனையென்று நினைப்பவர் மனிதரே. பகல் முழுதும் தனியே கட்டுண்டு கிடந்த நாய்க்கு அதுவும் ஒரு துணைதான். எசமானரும் தன்னோடு சேர்ந்து குரைக்கிறார் என்று அது மகிழ்ந்தாலும் குற்றமில்லை.

ஆதலால், முதலிற் காரணத்தை அறிதல் வேண்டும். தாகமோ, நோவோ, தனிமையோ இருப்பின் அதனை நீக்காது குரைப்பை மட்டும் நிறுத்த முயல்வது கொடுமை. முதுமையடைந்த நாய் இரவிற் காரணமின்றிக் குரைக்குமாயின் மிருக வைத்தியரிடம் காட்டுதல் நன்று. வீதியிற் போவோரைக் கண்டு குரைக்கும் நாய்க்கு, வேலியின் இடைவெளிகளைக் கிடுகால் அடைத்துவிடுவதே பாதி மருந்தாகும்.

மீதிப் பாதி பழக்கம். நாய் குரைக்கும்பொழுது, குரலை உயர்த்தாது "போதும்" என்று ஒரேயொரு முறை சொல்லி, அவித்த மீன் துண்டொன்றை அதன் மூக்கருகே நீட்ட வேண்டும். மோந்து பார்க்கும் நாய் குரைப்பதில்லை. அது வாய் மூடி இரண்டு விநாடி நின்றதும் துண்டைக் கொடுக்கலாம். அடுத்தடுத்த நாட்களில் ஐந்து விநாடி, பத்து விநாடி, அரை நிமிடம் என அமைதியை நீட்டிக்கொண்டே போக வேண்டும். நீட்டாவிடின், மீனுக்காகவே குரைக்கும் நாயொன்று உருவாகிவிடும். வீட்டிலுள்ள அனைவரும் அந்த ஒரு சொல்லையே வழங்குதலும் வேண்டும். தந்தை "போதும்" என்ன, பிள்ளைகள் "பேசாதே" என்ன, பாட்டி தடியெடுக்க, நாய் எதைத்தான் கற்கும்?

உணவுக்காகவும் கவனத்துக்காகவும் குரைக்கும் நாயைப் பாராதிருத்தலே வழி. ஆனால் இங்கேதான் பலர் தோற்றுப்போகின்றனர். வழக்கமான கூலி நின்றதும், நாய் சில நாட்களுக்கு முன்னையிலும் மிகுதியாகக் குரைக்கும். மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாது ஒரு துண்டை எறிந்தால், நெடுநேரம் குரைத்தாற்றான் பலன் உண்டு என்பதே அதற்குப் பாடமாகும். அந்நாட்களில் அயல்வீட்டிலே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ நோயாளியோ இருக்கக்கூடும். அவர்களிடம் முன்னரே சென்று, இன்னது செய்கிறோம் என்று சொல்லிவைத்தல் தகும். வேலிக்கு இருபுறமும் பேச்சற்றுப்போன பின்பு, நாயைச் சாக்கிற் கட்டித் தொலைவிலுள்ள சந்தையடியில் விட்டுவருவோரும் உளர். பிழை வீட்டாருடையது, தெருவில் அலைவது நாய்.

கள்வரைக் கண்டும் குரையாத நாய் எதற்கு என்று கேட்பர். நாயை ஊமையாக்குதல் இங்கு நோக்கமன்று. இரவில் நாலைந்து முறை குரைத்து அது செய்தி சொல்லட்டும். வீட்டார் எழுந்துவந்து, விளக்கைப் போட்டு, வளவைச் சுற்றிப் பார்த்து, "போதும்" என்று சொல்லல் வேண்டும். மாரிகால இரவில் அது எளிய காரியமன்று. படுக்கையிற் கிடந்தபடியே கத்துவது எளிது. நாயும் விடியும்வரை பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.