பெர்லினில் ஒரு தவறான ஒப்பீடு



2008 ஜூலை 24 அன்று பெர்லினில், பிரஷ்யாவின் போர் வெற்றிகளுக்காக எழுப்பப்பட்ட சீகஸ்ஸாய்லே என்னும் வெற்றித் தூணின் அடியில், அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட பராக் ஒபாமாவின் பேச்சைக் கேட்க ஏறத்தாழ 2 லட்சம் பேர் திரண்டனர்; ஜெர்மன் ஏடுகள் அவரைக் 'கறுப்புக் கென்னடி' என்று கொண்டாடின. அந்த ஒப்பீடு ஒபாமாவையும் மறைத்தது, கென்னடியையும் மறைத்தது என்பதே என் வாதம்.

1963 ஜூன் 26 அன்று ஷோனெபெர்க் நகர மன்றத்தின் முன் நின்ற ஜான் கென்னடி வேட்பாளர் அல்லர்; படைகளை ஏவும் அதிகாரம் படைத்த அமெரிக்க அதிபர். கிழக்கு ஜெர்மனியால் சூழப்பட்டு, அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளின் காவலில் இருந்த மேற்கு பெர்லினின் மக்களிடம், தாமும் ஒரு பெர்லின்வாசி என்று ஜெர்மன் மொழியில் அவர் சொன்னார். உச்சரிப்பு பிசகாதிருக்க ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தாமே அட்டையில் எழுதிவைத்திருந்த அந்தச் சிறு தொடர், சொன்னவர் வகித்த பதவியால்தான் ஒரு வல்லரசின் உறுதிமொழி ஆயிற்று. ஆனால், 1961 ஆகஸ்ட் 13 அன்று மேற்கு பெர்லினைச் சுற்றிக் கிழக்கு ஜெர்மனியின் சுவர் எழத் தொடங்கியபோது அதைத் தடுக்க அவர் படையை ஏவவில்லை என்பதும், மேற்கு பெர்லின் மேயர் வில்லி பிராண்ட் மனம் நொந்து அவருக்கே நேரடியாகக் கடிதம் எழுதினார் என்பதும், துணை அதிபர் ஜான்சனும் சுமார் 1,500 வீரர்களும் வந்த பின்னரும் சுவர் நின்றது என்பதும் வரலாறே. 1963 நவம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட துயரம் இவற்றையெல்லாம் நினைவிலிருந்து துடைத்துவிட்டது.

ஒபாமாவோ அன்று எந்த உறுதியும் தரக்கூடிய பதவியில் இல்லை. வேட்பாளராக அன்றிக் குடிமகனாகவே வந்திருப்பதாக அவரே கூறினார். அவர் தரப்பு முதலில் நாடிய பிராண்டன்பர்க் வாயிலை வெளிநாட்டுத் தேர்தல் மேடையாக்கக் கூடாது என்று அன்றைய ஜெர்மன் அரசின் தலைவரான சான்சலர் அங்கேலா மெர்க்கல் தெரிவித்த தயக்கம் முற்றிலும் நியாயமானது.

இதைவிடக் கனமான செய்தி அந்தப் பேச்சிலேயே இருந்தது. ஆப்கானிஸ்தான் போருக்கு அமெரிக்கப் படை மட்டும் போதாது, ஜெர்மன் படையும் தேவை என்று ஒபாமா வெளிப்படையாகவே கேட்டார். கென்னடியைத் தேடி வந்தோர், எதிரே நின்ற மனிதரின் கொள்கையை எடைபோடத் தவறினர். 2009 டிசம்பரில், அதிபராகிவிட்ட அதே ஒபாமா மேலும் 30,000 அமெரிக்க வீரர்களை அங்கே அனுப்பப்போவதாக அறிவித்தார். அதில் ஏமாற்று எதுவுமில்லை. அவர் முன்பே சொன்னதைத்தான் செய்தார், கேட்டவர்கள்தாம் வேறொருவரின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தனர்.

ஜெர்மன் குடியுரிமை பெற்று வாக்களிக்கும் தமிழர்களே, மறைந்த தலைவரின் பெயரைச் சொல்லி எவர் மேடையேறினாலும், எந்தப் போருக்கு எத்தனை வீரர்களை அனுப்புவார் என்று அவரிடமே கேளுங்கள். 2021இல் முடிந்த ஆப்கானிஸ்தான் பணியில் உயிரிழந்த ஜெர்மன் வீரர்கள் 59 பேர்.