வீட்டுக்கு வரும் வாக்குச்சீட்டு



அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஓரிகன் மாநிலத்தில், தேர்தல் நாளில் பள்ளிக்கூடங்களில் வாக்குச்சாவடி திறப்பதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். விண்ணப்பிக்காமலே, இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பு சீட்டு தபாலில் வீட்டுக்கு வந்துவிடும்.

இது ஒரே நாளில் வந்த ஏற்பாடு அல்ல. 1981-இல் உள்ளாட்சித் தேர்தல்களுக்குச் சோதனையாகத் தொடங்கினார்கள். 1996 ஜனவரியில் அமெரிக்க செனட் இடைத்தேர்தலே தபாலில் நடந்து, ரான் வைடன் வென்றார். 1998-இல் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். எல்லாத் தேர்தலும் தபாலில் நடக்கட்டும் என்று மக்கள் சொன்னார்கள். 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலிலிருந்து அதுவே நடைமுறை.

அங்கே ஒரே சீட்டில் அதிபர் முதல் உள்ளூர்ப் பதவிகள் வரை இருக்கும். சட்ட முன்மொழிவுகளுக்கும் ஆம், இல்லை என்று குறிக்க வேண்டும். சாவடியில் நின்றபடி யோசித்து முடிக்கிற காரியமா அது? வேட்பாளர்கள், முன்மொழிவுகள் பற்றிய கையேட்டையும் அரசே அனுப்புகிறது. அதைப் படித்து, வீட்டில் விவாதித்து, நாலு நாள் கழித்துக்கூடக் குறிக்கலாம். இந்த முறையில் நான் மிகவும் மதிப்பது இந்த அவகாசத்தைத்தான்.

சரி, சீட்டை அனுப்பியவர் உண்மையான வாக்காளர்தானா? உறையின் மேல் அவர் கையெழுத்திட வேண்டும். மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் அதைப் பதிவில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிடுவார்கள். ஒத்துப்போகாவிட்டால் தூக்கிப் போடுவதில்லை; வாக்காளருக்குத் தகவல் போகும், சரிசெய்ய நாள் கொடுப்பார்கள். முதுமையில் கை நடுங்குகிறவர்களுக்கு இந்த வாய்ப்பு மிக முக்கியம். கையெழுத்து சரியென்றான பிறகே உறையைப் பிரித்து, சீட்டைத் தனியே எடுப்பார்கள். அந்த வேலையில் ஒரே கட்சிக்காரர்களை மட்டும் அமர்த்தக் கூடாது. பிரித்த பின், எந்தச் சீட்டு யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

கள்ள ஓட்டு பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. வீட்டில் ஒரு பெண்ணின் பக்கத்தில் கணவரோ தகப்பனாரோ நின்று, "இவருக்குப் போடு" என்றால்? வற்புறுத்துவது குற்றம்தான். ஆனால் அங்கே தேர்தல் அலுவலர் யாரும் இருப்பதில்லை. மாவட்ட அலுவலகத்தில் மறைவாக அமர்ந்து குறிக்க இடம் உண்டு. அதுவரை போக அந்தப் பெண்ணால் முடிய வேண்டுமே.

குறித்த சீட்டைத் திருப்பி அனுப்ப, 2020 முதல் உறைக்குத் தபால்தலை ஒட்ட வேண்டாம். தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை விழுந்திருந்தால், ஏழு நாள் கழித்து வந்தாலும் எண்ணப்படும். இது 2022-இல் வந்த மாற்றம். தபாலை நம்பாதவர்கள், தேர்தல் நாள் இரவு எட்டு மணிக்குள் ஊரில் வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிடலாம்.

2024 அக்டோபர் 28 அதிகாலையில், போர்ட்லாந்து நகரில் அப்படி ஒரு பெட்டிக்கு யாரோ தீ வைத்தார்கள். பெட்டிக்குள் இருந்த தீயணைப்புப் பொருள் வேலை செய்ததால், சேதமானவை மூன்றே சீட்டுகள். உறையில் உள்ள அடையாள எண்ணைக் கொண்டு அந்த மூவரையும் தொடர்புகொண்டு, மாற்றுச் சீட்டு தர ஏற்பாடு செய்தார்கள். அதே நாளில் ஆற்றுக்கு அக்கரையில், வாஷிங்டன் மாநிலத்து வான்கூவர் நகரிலும் ஒரு பெட்டி எரிந்தது. அங்கே நூற்றுக்கணக்கான சீட்டுகள் பாழாயின. அந்தப் பெட்டியில் போட்டவர்கள் தங்கள் சீட்டு வந்து சேர்ந்ததா என்று பார்த்து, வராவிட்டால் உடனே வேறு சீட்டு வாங்கிக்கொள்ளும்படி அதிகாரிகள் அறிவித்தார்கள்.