இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்பு இல்லை

 

புகழ் அனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு நீதி வழங்கும் பொறுப்பில் அனுப்பினார்கள். தாம் வயதில் இளையவர், தீர்ப்பு வழங்கிப் பழகாதவர் என்று அலீ (ரலி) தயங்கினார்கள். அப்போது நபியவர்கள் ஓர் அறிவுரை வழங்கினார்கள். வழக்காடும் இருவர் முன்னால் வந்து அமர்ந்தால், முதலாமவர் கூறியதைக் கேட்டதுபோன்றே மற்றவர் கூறுவதையும் கேட்டு முடிக்கும்வரை தீர்ப்புக் கூறலாகாது என்பதே அதன் கருத்து. இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது.

இது நீதிபதிகளுக்கு மட்டும் உரிய அறிவுரை என்று நாம் ஒதுக்கிவிட முடியுமா? 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் வாக்குச்சாவடியில் ஒரு தீர்ப்பை எழுதுகிறார். தேர்தல் இல்லாத நாள்களிலும் தேநீர்க் கடையில், திருமண வீட்டில், கைப்பேசியில் நாம் தீர்ப்பு வழங்கிக்கொண்டே இருக்கிறோம். இந்தத் தலைவர் நல்லவர், அந்தச் சட்டம் கெட்டது, இன்ன சமூகத்தார் இப்படித்தான் என்றெல்லாம் கூறுகிறோமே, இவற்றுள் எத்தனை தீர்ப்புகளில் இரண்டாமவரின் வாக்குமூலத்தை நாம் கேட்டிருக்கிறோம்?

ஒரே சாளரம்

தமிழகத்தின் இதழ் வரலாற்றைச் சற்றே நோக்குங்கள். 1935-இல் 'விடுதலை' தோன்றியது. 1942-இல் திருவாரூரில் துண்டறிக்கையாகத் தொடங்கிய 'முரசொலி', 1960-இல் நாளேடாயிற்று. 1963-இல் பொதுவுடைமை இயக்கத்தாரின் 'தீக்கதிர்' வந்தது. 1970-இல் சோ அவர்களின் 'துக்ளக்' வந்தது. நம் சமுதாயத்தின் குரலாக 'மணிச்சுடர்' வந்தது. ஆர்.எஸ்.எஸ். கருத்துகளைத் தாங்கி 'விஜயபாரதம்' வந்தது. பின்னர் தொலைக்காட்சிகளிலும் இதே நிலை ஏற்பட்டது. கட்சிக்கொரு அலைவரிசை என்னும் அளவுக்குக் காலம் மாறியது.

இவை இருப்பது குற்றமன்று. தன் கொள்கையை வெளிப்படையாக அறிவித்து எழுதும் ஏடு, எச்சார்பும் இல்லையென்று சொல்லிக்கொண்டு ஒருபக்கம் சாயும் ஏட்டைவிட நேர்மையானது. குறை நம்மிடம்தான் உள்ளது. ஒரு வீட்டில் ஒரே ஏடு, ஒரே அலைவரிசை, ஒரே வாட்ஸ்அப் குழு என்று வாழ்பவர், ஒரே சாளரத்தின் வழியாக ஊர் முழுவதையும் கண்டுவிட்டதாக எண்ணிக்கொள்கிறார். அவர் பொய்யே படித்தார் என்று சொல்வதற்கில்லை. அவர் படித்தவை அனைத்தும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் விடுபட்டவை எவை என்பதை அவர் அறியமாட்டார்.

விசாரிக்கப்படாத செய்தி

தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதைத் தீர விசாரியுங்கள். அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்ற கருத்தில் திருக்குர்ஆன் (49:6) எச்சரிக்கிறது. இவ்வசனத்தின் பின்னணியாக விரிவுரையாளர்கள் பலர் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுவர். பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஸகாத் பெற்றுவர ஒருவர் அனுப்பப்பட்டார். அவரை வரவேற்கவே அம்மக்கள் திரண்டு வந்தனர். அவரோ அஞ்சிப் பாதிவழியில் திரும்பி, அவர்கள் ஸகாத்தைத் தர மறுத்துத் தம்மைக் கொல்ல முனைந்ததாகக் கூறிவிட்டார். மதீனாவில் கொந்தளிப்பு ஏற்பட்டது. மறுதரப்பை விசாரித்த பின்னரே உண்மை வெளிவந்தது. விசாரிக்காமல் விட்டிருந்தால் குற்றமற்ற ஒரு கூட்டத்தின்மீது படை சென்றிருக்கும்.

சகோதரர்களே! அன்று செய்தி கொண்டுவந்தவர் ஒருவர். இன்றோ நம் கைப்பேசிக்கு ஒரு நாளில் நூறு பேர் செய்தி கொண்டுவருகின்றனர். கேட்டதையெல்லாம் பிறருக்குச் சொல்வதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்ற நபிமொழிக் கருத்தை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் நூலின் முன்னுரையில் பதிவு செய்துள்ளார்கள். இன்று வந்ததையெல்லாம் பிறருக்கு அனுப்பிவிடும் விரலுக்கும் இது பொருந்தாதா?

எல்லாரும் பேசும் அறிக்கை, சிலரே படித்த அறிக்கை

நம் சமுதாய மேடைகளில் சச்சார் குழு அறிக்கையைப்போல் அடிக்கடி பேசப்பட்டது வேறொன்றில்லை. 2005 மார்ச்சில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அவர்கள் அமைத்த இக்குழு, நீதியரசர் ராஜிந்தர் சச்சார் தலைமையில் ஆய்ந்து, 2006 நவம்பரில் அறிக்கை அளித்தது. 2001 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகையில் 13.4 விழுக்காடு இருந்த முஸ்லிம்கள், ஐ.ஏ.எஸ். பணியில் 3 விழுக்காடே இருந்தனர் என்பது போன்ற உண்மைகளை அது வெளியிட்டது. இவற்றை நாம் உரத்துப் பேசினோம். பேச வேண்டியவையே அவை.

ஆனால் அதே அறிக்கையில் வேறு பக்கங்களும் உள்ளன. பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் முழுநேர மத்ரஸாக்களில் பயில்வோர் ஏறத்தாழ 3 முதல் 4 விழுக்காட்டினரே என்கிறது அது. மாலை வேளையில் மக்தபில் ஓதும் பிள்ளைகளையும் மத்ரஸா மாணவர்களாகக் கருதும் குழப்பத்தையும் சுட்டுகிறது. முஸ்லிம்கள் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை, மத்ரஸாவுக்கே அனுப்புகின்றனர் என்று எழுதியவர்கள் இப்பகுதியைப் படிக்கவில்லை. நம்மவரிலும் பலர் படிக்கவில்லை. படித்திருந்தால் அந்தக் குற்றச்சாட்டுக்கு ஒரே வரியில் விடையளித்திருப்பர்.

இன்னொன்றும் உண்டு. 2001 கணக்கெடுப்பில் இந்திய முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடு; இது நாட்டின் சராசரியைவிடக் குறைவு. ஆனால் தமிழகத்தில் முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநிலச் சராசரியான 73.5 விழுக்காட்டைவிட அதிகம். அகில இந்திய எண்ணை அப்படியே எடுத்துத் தமிழக மேடையில் முழங்குபவர் நம்மவரே ஆயினும் அது நேர்மையான பேச்சாகாது. உங்களுக்கே, உங்கள் பெற்றோருக்கே பாதகமாயினும் நீதிக்குச் சாட்சி சொல்லுங்கள் என்பதன்றோ (4:135) நமக்கிடப்பட்ட கட்டளை!

2007-இல் தமிழக அரசு முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கியது. மற்றவர் பங்கிலிருந்து புதிதாகப் பறித்துக் கொடுக்கப்பட்டது என்று சிலர் எழுதினர். உண்மையில் அது, முஸ்லிம்களில் பல பிரிவினர் ஏற்கெனவே இடம்பெற்றிருந்த பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டின் உள்ளேயே பிரிக்கப்பட்டது. அதே வேளையில் கிறிஸ்தவர்களுக்கும் 3.5 விழுக்காடு தரப்பட்டது. தமக்கு அதனால் இழப்பே என்று கண்ட கிறிஸ்தவத் தலைவர்கள் கேட்டுக்கொண்டதால், 2008-இல் அது திரும்பப் பெறப்பட்டது. ஒருவருக்கு நன்மையான ஏற்பாடு மற்றவருக்கு நன்மையாக அமையவில்லை. இந்த நுட்பம் சுவரொட்டியில் அடங்காது. தேடிப் படித்தால்தான் விளங்கும்.

இமாம் கஸ்ஸாலீ காட்டிய வழி

தத்துவவாதிகளின் கொள்கைகளை மறுக்க விரும்பிய இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள், எடுத்த எடுப்பில் மறுப்பு நூல் எழுதத் துணியவில்லை. முதலில் அவர்களின் நூல்களைத் தாமே கற்றார்கள். அவர்கள் சொல்வது என்னவென்பதை விளக்கி 'மகாஸிதுல் ஃபலாஸிஃபா' என்ற நூலை எழுதினார்கள். மறுப்பு நூலான 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வை அதன் பின்னரே எழுதினார்கள். முதல் நூல் இலத்தீன் மொழிக்குச் சென்றபோது, அதன் முன்னுரையைக் காணாத ஐரோப்பிய அறிஞர் பலர், கஸ்ஸாலீயும் அத்தத்துவவாதிகளில் ஒருவரே என்று கருதிவிட்டனர். எதிர்த்தரப்பை அவ்வளவு நேர்மையாக அவர்கள் எடுத்துரைத்திருந்தார்கள்!

நமக்கும் இதுவே உரைகல். நாம் எதிர்க்கும் கருத்தை, அதை நம்புபவரே கேட்டு, "ஆம், நான் சொல்வது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி நம்மால் எடுத்துரைக்க முடிகிறதா? முடியாதெனில் நாம் அதை இன்னும் அறியவில்லை. அறியாததை மறுப்பது எங்ஙனம்?

எதிர்த்தரப்பைப் படித்தால் மனம் மாறிவிடாதா என்று அஞ்சுவோர் உண்டு. படிக்காததால் மட்டும் நிலைத்திருக்கும் கருத்து, முதல் கேள்வியிலேயே சரிந்துவிடும். எல்லாத் தரப்பையும் படி என்றால் எல்லாம் சமம் என்று பொருளா என்று கேட்போரும் உண்டு. அன்று. இருவரையும் கேட்ட நீதிபதி, தீர்ப்புக் கூறாமல் எழுந்து சென்றால் அவரும் கடமை தவறியவரே. அநீதியைக் கண்டால் அநீதி என்று உரைக்கத்தான் வேண்டும். சொல்வதைச் செவிமடுத்து அதில் சிறந்ததைப் பின்பற்றுவோரைத் திருக்குர்ஆன் (39:18) புகழ்கிறது. செவிமடுத்தலும் தெரிந்தெடுத்தலும் அங்கே சேர்ந்தே நிற்கின்றன.

நாம் செய்ய வேண்டியவை

ஒரு முக்கியச் செய்தியைக் குறைந்தது இரண்டு எதிரெதிர் ஏடுகளில் படியுங்கள். ஒன்றில் இருந்து மற்றொன்றில் விடுபட்டது எதுவெனக் குறித்துவையுங்கள்.

சட்டம், தீர்ப்பு, அறிக்கை எதுவாயினும் அதைப்பற்றிய பேச்சோடு நிறுத்தாமல் மூலத்தைத் தேடுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பல இப்போது தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன.

உள்ளூர் நூலகத்துக்குப் பிள்ளைகளுடன் செல்லுங்கள். 1948-இலேயே பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. சொத்து வரியோடு நாம் நூலக வரியும் செலுத்துகிறோம். பணம் கட்டிவிட்டுப் படிக்காமல் இருப்பது நட்டமன்றோ!

சரிபார்க்காத எதையும் பிறருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பாமல் விட்டதால் யாருக்கும் தீங்கு நேர்ந்துவிடாது.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் (5:8) என்ற கட்டளையை நெஞ்சில் நிறுத்துங்கள். நம்மைப்பற்றிப் படிக்காமலே நம்மீது தீர்ப்பு எழுதுவோரைக் கண்டு நாம் மனம் நோகிறோம். அதே தவறைப் பிறர் விஷயத்தில் நாம் செய்யலாமா? செவியும் பார்வையும் உள்ளமும் ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் (17:36) அந்நாளில், என் கட்சி சொன்னது, என் ஏடு எழுதியது, என் நண்பர் அனுப்பினார் என்ற விடைகள் நமக்கு உதவமாட்டா.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தேடிப் படிக்கும் ஆர்வத்தையும், கேட்டு ஆராயும் பொறுமையையும், தெளிந்த பின் துணிந்து நீதி உரைக்கும் உறுதியையும் தந்தருள்வானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.