சிகரத்திற் படம்பிடித்தவர்



கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயின், கதை நிகழும் இடத்துக்குத் தானே ஏறிச் சென்று, உயிரைப் பணயம் வைத்து, அதைப் படமாக்கிக் கொணர்வதைத் தொழிலாகக் கொண்டோர் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகின்றோம்.

டேவிட் பிறஷீர்ஸ் என்பார் 1955 இற் பிறந்த அமெரிக்கர். கொலராடோவின் செங்குத்துப் பாறைகளில் ஏறி இளமையிலேயே பெயர் பெற்றவர். 1983 இல் எவரெஸ்ற் சிகரத்திலிருந்து முதன்முதலாக நேரடித் தொலைக்காட்சிப் படம் அனுப்பியவர்களுள் அவரும் ஒருவர். ஐந்து முறை அச்சிகரத்தை மிதித்தார்.

1996 இல் ஐமாக்ஸ் என்னும் பெரும்படக் கருவியுடன் அங்கு சென்றார். எவ்வளவோ குறைத்துச் செய்தும் அக்கருவி சுமார் 40 இறாத்தல் நிறை. 500 அடி படச்சுருள் ஒன்றரை நிமிடத்தில் ஓடி முடிந்துவிடும். அடுத்த சுருளைக் கோக்கக் கையுறையைக் கழற்றவேண்டும். அக்குளிரில் வெறுங்கை என்றால் விரல்களை இழக்கவும் நேரலாம். இத்தனையையும் தூக்கிச் சென்றவர்கள் சேர்ப்பாக்கள். படத்தின் புகழிற் பாதி அவர்களுடையது என்பதே நமது எண்ணம்.

அவ்வாண்டு மே மாத முற்பகுதியிற் காற்றின் போக்குச் சரியில்லையென்று கண்டு பிறஷீர்ஸ் குழுவினர் பாதிவழியிலே திரும்பினர். ஏறிக்கொண்டிருந்த வேறு குழுவினரை வழியிற் சந்தித்தனர். 10 ஆந் திகதி புயல் எழுந்தது. எண்மர் மாண்டனர்.

மேலே தெற்குக் கணவாயிற் பிறஷீர்ஸ் குழுவினர் சேர்த்துவைத்த ஒட்சிசன் இருந்தது. அதை இழந்தால் படமே நின்றுவிடக்கூடும். எத்தனையோ மாத உழைப்பும் பெரும் பணமும் அதனோடு போகும். ஆயினும் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வானொலி மூலம் அவர் சொல்லிவிட்டார். இறந்தவரெனக் கைவிடப்பட்டிருந்த மருத்துவர் ஒருவர், பனியில் விறைத்த கைகளுடன் தாமே எழுந்து பாசறைக்கு வந்து சேர்ந்தார். அவரைக் கீழிறக்கவும் பிறஷீர்ஸ் மேலே சென்று தோள்கொடுத்தார். நேபாளப் படை விமானி மதன் கே.சி. 20,000 அடி உயரத்துக்கு அண்மையில் ஹெலிகொப்ரரை இறக்கி அம்மருத்துவரைக் காத்தது தனிக்கதை. அதற்கே ஒரு சொற்பொழிவு வேண்டும்.

பின்னர் அக்குழுவினர் மீண்டும் ஏறினர். மே 23 இற் சிகரமடைந்தவர்களுள் டென்சிங்கின் மகன் ஜம்லிங்கும் இருந்தார். 1953 இலே தந்தை நின்ற இடத்தில் மகன் நிற்பதைப் படம் காட்டுகின்றது. 1998 இல் வெளியான அப்படத்தை உலகெங்கும் மக்கள் திரண்டு பார்த்தனர்.

புகழ் வந்தபின் அவர் கைக்கொண்ட வேலையையே நாம் பெரிதும் மதிக்கின்றோம். 1921 இல் மலோறி என்னும் ஆங்கிலேயர் றொங்புக் பனியாற்றைப் படம்பிடித்திருந்தார். 2007 இற் பிறஷீர்ஸ் அதே இடத்தைத் தேடிக் கண்டு, அங்கு நின்று மீண்டும் படம்பிடித்தார். இரண்டையும் அருகருகே வைத்தால் விளக்கவுரை வேண்டியதில்லை. பனியாற்றின் மேற்பரப்பு 300 அடிக்கு மேல் தாழ்ந்துவிட்டது. அப்பனி உருகிய நீர் அருண், கோசி ஆறுகளின் வழியாகக் கங்கையிற் கலப்பது.

இவ்வாறு பழைய படங்களின் இடங்களைத் தேடிச் சென்று ஒப்புநோக்கும் பணியைத் தொடர்ந்து செய்துவந்த அவர், 2024 மார்ச்சிற் காலமானார்.