எக்காளம் யாருக்காக?

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இளைஞர் சங்கமொன்றின் விழாவிலே பித்தளைக் குழலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். சுவாமி எழுந்தருளும் வேளையிலே எக்காளமோ, கொம்போ, திருச்சின்னமோ சில கணம் முழங்குகின்றது. நாம் கைகூப்புகின்றோம், முழக்கம் ஓய்ந்துவிடுகின்றது. நாதஸ்வரத்தை ஆற அமர இருந்து சுவைக்கும் நாம், இம் முழக்கத்தைக் கேட்டதாகவே எண்ணுவதில்லை. ஆயினும் அதன் பொருளை ஆராயப் புகுந்தால், ஒரு சமுதாயம் யாரை மதிக்கின்றது என்னும் பெரிய வினாவின் முன்னே அது நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும்.

முதலிலே கருவியை நோக்குவோம். நாதஸ்வரத்திலே விரல் வைக்கும் துளைகள் உண்டு. ஆதலால் இராகத்தை விரித்து வாசிக்க முடிகின்றது. எக்காளம் நேரான நெடுங்குழல். அதிலே துளை இல்லை. கொம்பு வளைந்த குழல். முன்னாளில் விலங்கின் கொம்பையே ஊதினர் என்பதை அதன் பெயரே சொல்லும். திருச்சின்னம் மெல்லிய நேர்குழல். இரண்டினை ஒருவரே வாயில் வைத்து ஒருங்கே ஊதுவதுண்டு. இவற்றில் ஒலியைப் பிறப்பிப்பது ஊதுபவரின் உதட்டு அதிர்வேயாம். உதட்டை இறுக்கினால் ஒலி மேலே தாவும். தளர்த்தினால் கீழே இறங்கும். அவ்வாறு தாவும்பொழுதும், ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம், அதற்கு மேற் காந்தாரம் என, எட்ட எட்ட நிற்கும் சில சுரங்களே அகப்படும். ஆகவே இவை விரித்துப் பாடும் கருவிகளல்ல. கூவி அழைக்கும் கருவிகள். உதடு விரைவிலே களைத்துவிடுமாதலின் நெடுநேரம் முழக்கவும் இயலாது. சுருக்கம் இவற்றுக்கு இயற்கை விதித்த விதி.

பாட இயலாத இக் கருவியை மனிதன் ஏன் போற்றினான்? “ஒருவர் வருகின்றார், எழுந்திருங்கள்” என்று தொலைவிலுள்ளோர்க்கும் அறிவிக்க இதைவிடச் சிறந்த கருவி இல்லை. 1922ஆம் ஆண்டிலே எகிப்து நாட்டில் தூத்தங்காமன் என்னும் மன்னனின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டபோது, அதனுள் இரண்டு எக்காளங்கள் இருந்தன. ஒன்று வெள்ளியாலானது, மற்றது செப்புக் கலவையாலானது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அக் கருவிகளை 1939ஆம் ஆண்டிலே ஊதி, பிரித்தானிய வானொலியில் ஒலிபரப்பினார்கள். மன்னன் மறைந்தான், அவன் மொழியும் வழக்கொழிந்தது, எக்காளத்தின் குரல் மட்டும் மீண்டும் எழுந்தது!

மேல்நாட்டார் இத்தகைய முழக்கத்தை ‘ஃபான்ஃபேர்’ என்பர். 1607ஆம் ஆண்டிலே இத்தாலியின் மந்துவா அரண்மனையில் அரங்கேறிய மொண்டவேர்டியின் ‘ஓர்பேயோ’ என்னும் இசைநாடகம், திரை எழுமுன்னரே மும்முறை முழங்கும் எக்காள ஒலியோடு தொடங்குகின்றது. இம் முழக்கத்தை அரசர்கள் தங்கள் உடைமைபோற் காத்தனர். புனித உரோமப் பேரரசன் இரண்டாம் பேர்டினண்ட் 1623ஆம் ஆண்டிலே எக்காளம் ஊதுவோரின் குழுவுக்குத் தனியுரிமை வழங்கினான். யார் ஊதலாம், யாருக்காக ஊதலாம் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடு இருந்தது. செல்வமும் செங்கோலும் உள்ள இடத்திலேதான் பித்தளை பேசியது.

ஆனால் நமது மரபிலே, அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வாழ்ந்த ஒருவரைப் பற்றிய வரலாறு வேறொன்றைச் சொல்கின்றது. சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திலே கூறும் திருஞானசம்பந்தர் சரிதத்தை நினைவுகூருங்கள். பாலறாவாயராகிய அப் பிள்ளையார் தந்தையாரின் தோளில் ஏறாது, சின்னஞ்சிறு பாதங்கள் நோவ நடந்து திருவரத்துறைக்குச் செல்கின்றார். அன்றிரவு இறைவன் அவ்வூர் அடியார்களின் கனவிலே தோன்றி, முத்துச் சிவிகையும் முத்துக் குடையும் முத்துச் சின்னமும் பிள்ளையாருக்கு அளிக்குமாறு பணிக்கின்றார். அரசர்க்குரிய மூன்று விருதுகளும் நடந்து களைத்த ஒரு குழந்தைக்குக் கிடைக்கின்றன! அவரிடம் நாடு இல்லை, படை இல்லை, பாட்டும் அன்பும் இருந்தன. சின்னம் யாருக்காக முழங்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேறு வேண்டுமோ?

இதே வினாவுக்கு நம் காலத்துக்கு அண்மையிலே அமெரிக்காவில் ஒருவர் விடை தந்தார். 1942ஆம் ஆண்டு, உலகப் போர் மூண்டிருந்த காலம். சின்சினாட்டி இசைக்குழுவின் நடத்துநர் யூஜீன் கூசன்ஸ், கச்சேரிகளின் தொடக்கத்திலே வாசிப்பதற்கென இசையமைப்பாளர்களிடம் எக்காள முழக்கங்களைக் கேட்டார். 18 முழக்கங்கள் கிடைத்தன. படைவீரர், மாலுமி, நேசநாட்டார் என்று மற்றவர்கள் தங்கள் ஆக்கங்களை உரிமையாக்கினர். ஆரன் கோப்லண்ட் என்பவரோ தமது ஆக்கத்திற்குச் ‘சாமானிய மனிதனுக்கு ஒரு முழக்கம்’ என்று பெயரிட்டார். அந்த ஆண்டு மே மாதத்திலே உப ஜனாதிபதி ஹென்றி வாலஸ், இந் நூற்றாண்டு சாமானிய மனிதனுடையது என்னும் கருத்துப்பட ஆற்றிய உரையே அப் பெயருக்குத் தூண்டுகோல். அது முதன்முதலாக 1943 மார்ச் 12ஆம் நாள் முழங்கியது. வருமான வரி செலுத்தும் காலத்திலே சாமானியனைக் கௌரவிப்பது தமக்குச் சம்மதமே என்று கோப்லண்ட் நகைச்சுவையாகக் கூறினாராம். அதன் நீளம் ஏறக்குறைய மூன்று நிமிடமே. அந்தப் பதினெட்டிலே இன்றும் உலகெங்கும் பரவலாக ஒலிப்பது அது ஒன்றுதான்.

அன்பர்களே, இனி நம் வீதிக்கு வருவோம். முழக்கம் என்பது ஓர் அறிவிப்பு. அறிவிக்கப்பட்டவர் அதற்குத் தகுதியுடையவராயின் முழக்கத்திற்கு மதிப்பு. இல்லையேல் அது வெறும் இரைச்சல். வருகின்ற ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் வாத்தியம் முழங்கினால், சுவாமி எழுந்தருளும்போது முழங்குவதற்கு என்ன எஞ்சியிருக்கும்? ஒலிபெருக்கி இரவு பகலாக அலறும் வீதியிலே திருச்சின்னத்தின் குரல் எந்தச் செவியிலே விழும்? அமைதி இருந்தாலன்றோ அழைப்பு கேட்கும்!

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பிறர் வருகையை ஊருக்கு அறிவித்தவன் வந்ததை யார் அறிவித்தார்? பந்தலிலே தலைவருக்கு ஆசனம் உண்டு. உபயகாரருக்கு மாலை உண்டு. மூச்சை அடக்கி உதடு வீங்க ஊதியவனோ தூணோரமாய் நிற்கின்றான். அவனுடைய பிள்ளை அக் குழலைக் கையிலெடுக்கத் தயங்கினால் அதிலே வியப்பென்ன? ஊதுவோரை மதியாத ஊரிலே முதலில் எக்காளம் மௌனமாகும். பின்னர் ஒலிப்பதிவு அதன் இடத்திலே வந்து அமரும். உதடும் மூச்சும் இல்லாத அவ்வொலி யாரை வணங்கும்?

ஆதலினால் இச் சங்கத்தின் இளைஞர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். உங்களில் இருவரேனும் ஊதத் தெரிந்த முதியோரிடம் சென்று முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஊதுபவர் எவராயினும் குலம் கேளாமல், சபையிலே அவருக்கு ஓர் ஆசனமும் ஒரு மாலையும் கொடுங்கள். ஆண்டு விழாவிலே ஒருமுறை, ஒரே ஒருமுறை, புகழை நாடாது உழைத்த ஒருவருக்காக முழக்கம் செய்யுங்கள். அவர் திருவீதி கூட்டியவராக இருக்கலாம். அன்னதானத்திற்கு அடுப்பெரித்த அம்மையாராக இருக்கலாம்.

சுவாமிக்கு உரியதை மனிதருக்கு ஊதலாமோ என்று பெரியோர்கள் வினவுவது நியாயமே. கோயிற் சின்னம் கோயிலுக்கே இருக்கட்டும். சபைக்கு வேறொரு கொம்பு போதும். ஆயினும் அடியாருக்குச் சின்னம் அளித்தவர் இறைவனே என்பதை நாம் மறந்துவிடலாகாது. அடுத்த ஆண்டு இதே மண்டபத்திலே முழக்கம் எழும்பொழுது, “யார் வருகின்றார்?” என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்போம். திருவீதி கூட்டிய அந்தக் கிழவர் தயங்கித் தயங்கி உள்ளே வரட்டும். நாம் அனைவரும் எழுந்து நிற்போமாக.